வெக்கைக்கு ஏற்ற குளிர்ந்த கூழ்

கோலாலம்பூரின் செராஸில் தனித்து வாழும் அன்புப் பேரனுக்குக் கிள்ளானிலிருந்து பாட்டி நல்வாழ்த்துடன் எழுதுவது.

சூடாகப் பருகாமல், ஆறவைத்தோ குளிரவைத்தோ உண்ணப்படும் நீர்த்த உணவைக் குளிர்ந்த சூப் என்பார்கள். ஸ்பெயினின் தென்பகுதியான அண்டலூசியாவில் தக்காளி, பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய், காடி ஆகியவற்றை அரைத்துச் செய்யும் கஸ்பாச்சோவும், பல்கேரியாவில் தயிரில் வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டுச் செய்யும் ‘தரத்தோர்’ சூப்பும் இவ்வகையில் பெயர் பெற்றவை. அவை கோடைக்கென்று ஏற்பட்டவை. கோலாலம்பூருக்கோ கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே அமைந்த இந்நகரில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது; காற்றில் ஈரப்பதமும் குறைவதில்லை. வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை மூன்று நாள்கள் தொடர்ந்தால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 37 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் அதை வெப்ப அலை என வகுக்கிறது.

இத்தகைய வெக்கையில் உடலைத் தணிப்பது எது என்பதைத் தெளிந்துகொண்ட பிறகே பேரன் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். 300 மில்லிலிட்டர் கூழை 5 டிகிரிக்குக் குளிரவைத்து அருந்தினால், அது உடல் வெப்பநிலையை எட்டும் வரை உடலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 10 கிலோ கலோரிதான். அதே அளவு நீர் வியர்வையாகித் தோலின்மேல் முழுதும் ஆவியாகுமானால், அது எடுத்துச்செல்லும் வெப்பம் இதைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆகவே குளிர்ச்சி நாவுக்கும் தொண்டைக்கும் இதமே தவிர, உடலைத் தணிக்கும் பெரும்பணியைச் செய்வது வியர்வையே. ஈரப்பதம் மிகுந்த ஊரில் அந்த வியர்வையும் விரைந்து ஆவியாவதில்லை, வழிந்து வீணாகிறது, நீரும் உப்பும் ஒருசேரக் குறைகின்றன. இவ்வூருக்கு ஏற்ற குளிர்ந்த உணவு, போன நீரையும் உப்பையும் திருப்பித் தருவதாக இருக்க வேண்டும். பனிக்கட்டியும் சர்க்கரைப் பாகும் நிறைந்த செண்டோலைச் சுவைக்காக உண்ணலாம்; இப்பணிக்கு அது உதவாது.

இந்தத் தேவையை நன்கு நிறைவேற்றும் உணவு தமிழர் சமையற்கட்டிலேயே இருக்கிறது. அது கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் பெரிய பானைகளில் வார்க்கப்படும் இக்கூழ், தமிழகத்திலிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களோடு மலாயாவுக்கும் வந்து, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் கோயில்களிலும் வார்க்கப்படுகிறது. விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போனவர்களுக்குப் பழைய சோறும் கூழும் வெயிலைத் தாங்கும் உணவாயின. அதை ஏழைகளின் உணவென்று சிலர் ஒதுக்கியது பெரும் இழப்பு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உணவகத்தில் வெள்ளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கப்படும் கஸ்பாச்சோவுக்குக் கூழ் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதே பாட்டியின் உறுதியான கருத்து.

செய்முறை எளிது, பொறுமை வேண்டும். ஒரு குவளை கேழ்வரகு மாவை மூன்று குவளை நீரில் கட்டியின்றிக் கரைத்து, இரவு முழுதும் மூடிவைத்தால், இந்த ஊர் வெக்கையில் காலைக்குள் இளம்புளிப்பு ஏறிவிடும். மறுநாள் அரைக் குவளை நொய்யை, அதாவது உடைந்த அரிசியை, நான்கு குவளை நீரில் குழைய வேகவைத்து, தீயைத் தணித்து, புளித்த மாவுக்கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதமே வெந்த பதம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளிலும் மாவு, மோர்மிளகாய், நல்லெண்ணெய் எல்லாமே கிடைக்கும்.

வெந்த கூழை இரவெல்லாம் அடுப்படியிலேயே வைத்துப் புளிக்கவிடுவது பழைய வழக்கம். புளிப்பைத் தரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் கெட்ட நுண்ணுயிர்களைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த அமிலம் ஏறச் சில மணி நேரம் ஆகும். வேகவைத்தாலும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் சோற்றில் உண்டு. வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கினால், மறுபடி சூடாக்கியும் அந்த நஞ்சு அழியாது. மாவிலேயே புளிப்பு ஏறிவிட்டபடியால், வெந்த கூழை அகன்ற தட்டில் பரப்பி, தட்டைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைப்பதே தனித்து வாழும் பேரனுக்குத் தக்க வழி. மூன்று நாளுக்குமேல் அதை வைத்திருக்க வேண்டாம்.

குளிர் ஏற ஏறச் சுவை மங்கும்; சூட்டில் சரியாக இருந்த உப்பு குளிர்ந்தபின் சப்பென்று தோன்றும். ஆகையால் உப்பைக் கடைசியில், குளிர்ந்த கூழை ருசிபார்த்தே சேர்க்க வேண்டும். மாவுச்சத்து குளிரில் இறுகுவதால் கூழ் கெட்டியாகும். ஓர் அகப்பைக் கூழுக்கு இரண்டு அகப்பை மோர் விட்டுக் கையால் பிசைந்து கரைத்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை நறுக்கிப் போட வேண்டும். தாளிக்க விரும்பினால் நல்லெண்ணெயே ஏற்றது. நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில் உறைந்து நாவில் படலமாய் ஒட்டும். தேங்காயின் கொழுப்பு சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்குவதால், தேங்காய்ப்பால் சேர்த்த சாறுகளைக் குளிரவைப்பது வீண் உழைப்பு. பனிக்கட்டி போட்டால் கூழ் நீர்த்துச் சுவை கெடும். மாறாக, மோரையே அச்சுத்தட்டில் உறையவைத்து, அந்தக் கட்டிகளை மிதக்கவிட்டால் கரைந்தாலும் சுவை குன்றாது.

கூழில் கைபழகிய பின், துருவிய வெள்ளரிக்காயும் இஞ்சியும் சேர்த்த நீர்மோரையும், பருப்பில்லாத தக்காளி ரசத்தை வடிகட்டிக் குளிரவைத்த தெளிசாற்றையும் செய்து பார்க்கலாம். பருப்பு சேர்த்த ரசம் குளிரில் கலங்கிக் கெட்டிப்படும் என்பதால் அதைச் சூடாகவே உண்பது நலம். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ள விருந்தினர் வந்தால் கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயைத் தவிர்த்து, உப்பைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். மோர்மிளகாய் உப்பிட்ட மோரில் ஊறியது.

வரும் ஆடியில் கோயிலில் கூழ் வார்க்கும் நாளன்று பேரன் உடன் பணியாற்றும் நண்பர்களையும் அழைத்துச் சென்று, வரிசையில் நின்று வாங்கி அருந்தி, அதில் புளிப்பும் உப்பும் நிற்கும் அளவை நாவால் அறிந்து, அதன்பின் தன் வீட்டுக் கூழைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது பாட்டியின் வேண்டுகோள்.