பிள்ளை பெற்றவள் எழுந்து நடக்கட்டும்



பிரசவம் என்றதும் நாம் இரத்தப்போக்குக்கு அஞ்சுகிறோம். அதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் உண்டு. இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைந்து கட்டியாவதுதான் அது.

பிரசவத்தில் அதிக இரத்தம் வீணாகாதபடி, கர்ப்பிணியின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையை இயல்பாகவே அடைகிறது. வளரும் கர்ப்பப்பை இடுப்பிலுள்ள இரத்தக் குழாய்களை அழுத்துவதால், கால்களிலிருந்து இரத்தம் மெதுவாகவே மேலேறுகிறது. ஆகவே காலில், பெரும்பாலும் இடது காலில், கட்டி உண்டாகலாம். அது பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சிசேரியன் ஆபரேஷன் செய்த தாய்மாருக்கு இந்த ஆபத்து அதிகம். முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள், 35 வயதைக் கடந்தவர்கள், உடல் பருத்தவர்கள் ஆகியோருக்கு இன்னும் அதிகம். பிரசவத்துக்குப் பின் 6 வாரங்கள் வரை கவனம் தேவை.

இதைத் தடுக்க 'ஹெப்பாரின்' ஊசி உண்டு. 1916இல் அமெரிக்காவில் நாயின் ஈரலை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட மருந்து இது. நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் செல்லாது. பால் கொடுக்கும் தாயும் போட்டுக்கொள்ளலாம். யாருக்கு, எப்போது என்பதை, இரத்தப்போக்கைக் கவனித்து மருத்துவரே முடிவு செய்வார்.

ஊசியில்லாத தடுப்பும் உண்டு. அது வீட்டார் கையில் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஆபரேஷன் முடிந்து திருவரங்குளம் பக்கத்துக் கிராமத்துக்கு, தாய்வீட்டுக்கு, வருகிறாள் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். "பச்சை உடம்பு, அசையாதே" என்று படுக்க வைப்பதும், வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதும் நம் ஊர்ப் பழக்கம். இரண்டும் தவறு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் இரத்தக் குழாய்களில் உண்டாகும் அடைப்பைப் பற்றி, 135 நோயாளிகளை ஆராய்ந்து 1983இல் எழுதினார் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன். இது நம் நாட்டுத் தாய்மாரை வெகுகாலமாகத் தாக்கிவரும் நோய்.

எனவே நினைவில் கொள்ளுங்கள்:

1. மருத்துவர் அனுமதித்தவுடன், கைத்தாங்கலாகவாவது தாயை நடக்க வையுங்கள்.

2. தாகத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள்.

3. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடும் தலைவலி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி 108ஐ அழையுங்கள்.

உங்கள் சபைப் பெண்கள் குழந்தை பார்க்கச் செல்லும்போது, தாயின் கால்களையும் பார்க்கட்டும். "எழுந்து நடந்தாயா அம்மா? தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்கட்டும். செலவில்லாத இந்த விசாரிப்பு ஒரு தாயின் உயிரைக் காக்கக்கூடும்.