மலையேறும் மனைவிக்கு ஏற்ற முதுகுப் பை

தம்பதியரே! இருவருமாக மருத்துவாழ் மலைக்குப் புறப்படுகிறீர்கள். பை யார் முதுகில்? ஆம்பிளை அளவுப் பை பெரும்பாலான பெண்களுக்குச் சேராது. அவர்களுக்குத் தோள் ஒடுக்கம், முதுகின் நீளமும் குறைவு. வார் நழுவும், இடுப்புப் பட்டை கீழே இறங்கிவிடும்.

புதுப் பையோடு நேரே மலைக்குப் போகாதீர்கள். முந்தின நாளே 5 கிலோ அரிசியை உள்ளே வைத்து, பட்டையை இடுப்பெலும்பின் மேல் கட்டி, அரை மணி நேரம் நடந்து பாருங்கோ. பாரம் இடுப்பில் நிற்கணும், தோளில் அல்ல. வாரைத் தளர்த்திய பிறகும் கை மரத்தால் அந்தப் பை வேண்டாம்.

கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கட்டும். 1 லிட்டர் தண்ணீரே 1 கிலோ. பாட்டில் கைக்கு எட்டணும். எட்டாவிட்டால் நம்ம பொம்பளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டே நடப்பார்கள்.

மலையானாலும் விறகானாலும், பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாத தாய் குழந்தையின் எடைக்கு மேல் தூக்கக் கூடாது. அதன் பிறகும், அடிவயிறு கனத்து ஏதோ கீழே இறங்குவதுபோல் தோன்றினால், வெட்கப்பட்டு மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கோ. அவர் பார்த்துச் சொல்லும்வரை சுமடு கணவர் முதுகில் இருக்கட்டும்.