வெள்ளிக்கிழமைத் தாளிலிருந்து தொடங்கும் வாரம்

தமிழாசிரியருக்கு ஞாயிறு மாலை என்றால் பாடக்குறிப்பேடுதான். ஆர்வமூட்டல், படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று வரிசையாகத் தலைப்புகளை நிரப்பினால் திங்கள் காலை தலைமையாசிரியரின் கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் புதன்கிழமை வகுப்பில் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கையெழுத்து பொறுப்பேற்காது. குறிப்பேட்டை நிரப்புவது ஒரு வேலை, வாரத்தைத் திட்டமிடுவது வேறு வேலை. இரண்டாவதை முதலில் முடித்தால் முதல் வேலை அரை மணி நேரத்தில் தீரும்.

முதலில் வெள்ளிக்கிழமை

'இந்த வாரம் எந்தப் பாடத்தை முடிக்க வேண்டும்?' என்று தொடங்காதீர்கள். 'வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் கையிலிருந்தும் எதை வாங்கப் போகிறேன்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தின் இரண்டாம் இயலை எடுத்துக்கொள்வோம். இயற்கை பற்றிய இயல் அது. கவிதைப்பேழையில் சிலப்பதிகாரமும் பாரதியின் 'காணி நில'மும், உரைநடை உலகத்தில் பறவைகளின் வலசையைச் சொல்லும் 'சிறகின் ஓசை'யும், விரிவானத்தில் 'கிழவனும் கடலும்' கதையும், கற்கண்டில் முதலெழுத்து, சார்பெழுத்தும் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே வாரத்தில் திணித்தால் எதுவும் ஒட்டாது. உரைநடையை மட்டும் எடுத்துக்கொண்டு, 'நான் பார்த்த பறவை' என்று எட்டு வாக்கியத்தில் ஒரு பத்தியை வெள்ளிக்கிழமை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். இப்போது எந்தச் செயல்பாடு தேவை, எது அலங்காரம் என்று தானே பிரிந்துவிடும்.

ஆறு பாடவேளை, ஐந்து வேலை

கால அட்டவணையில் தமிழுக்கு வாரம் ஆறு பாடவேளை என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கு மட்டும் திட்டமிடுங்கள்.

திங்கள், பேச்சு: புத்தகத்தைத் திறக்க வேண்டாம். தெருவில், வயலில், மொட்டைமாடியில் பார்த்த பறவைகளைச் சொல்லச் சொல்லுங்கள். மைனா, செம்போத்து, மீன்கொத்தி, தவிட்டுக்குருவி என்று வருகிற பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஊர்வழக்குப் பெயர் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். கடைசிப் பத்து நிமிடம் பாடத்தின் முதல் இரண்டு பத்திகளை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

செவ்வாய், படித்தல்: நால்வர் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பகுதி கொடுங்கள். மனவரைபடம் அந்தப் பகுதிக்கு மட்டும் போதும்.

புதன், வினா: மூன்று வகையாகக் கேளுங்கள். வரியிலேயே விடை இருக்கும் வினா: பறவைகள் எதற்காக வலசை போகின்றன? இரண்டு பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வினா: பறவைகள் எவற்றை அடிப்படையாகக் கொண்டு வலசை போகின்றன, அப்போது அவற்றின் உடலில் என்னென்ன மாறுகின்றன? புத்தகத்தில் விடையே இல்லாத வினா: நம் ஊர் ஏரி வற்றிவிட்டால் அங்கே வந்துபோகும் நாரை என்ன செய்யும்? மூன்றாவது வினாவுக்குத்தான் கடைசி பெஞ்சிலிருந்து கை உயரும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

வியாழன், மாதிரி: வாரத்தின் முக்கியமான பாடவேளை இதுதான். நீங்களே கரும்பலகையில், பிள்ளைகள் பார்க்கப் பார்க்க ஒரு பத்தி எழுதுங்கள். முதலில் 'மரத்தில் ஒரு மைனா இருந்தது' என்று எழுதிவிட்டு, 'இதில் என்ன குறை?' என்று கேளுங்கள். எந்த மரம், என்ன செய்தது என்று அவர்களே கேட்பார்கள். அழித்துவிட்டு, 'பள்ளிக் குழாயடியில் தேங்கிய நீரை ஒரு மைனா மஞ்சள் அலகால் கொத்திக் கொத்திக் குடித்தது' என்று எழுதுங்கள். நல்ல வாக்கியம் அழித்து எழுதித்தான் வருகிறது என்பதைப் பல பிள்ளைகள் அன்றுதான் கண்ணால் பார்ப்பார்கள்.

அதே பாடவேளையில் இலக்கணத்துக்குப் பத்து நிமிடம். முதலெழுத்து, சார்பெழுத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். இந்தப் பத்திக்குத் தேவையானது ஒருமை பன்மைதான். 'பறவைகள் பறந்தது' என்றுதான் பாதி வகுப்பு எழுதும், ஏனென்றால் பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். 'பறவை பறந்தது', 'பறவைகள் பறந்தன' என்று பத்து எடுத்துக்காட்டுகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

வெள்ளி, எழுத்து: முதல் இருபத்தைந்து நிமிடம் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டி ஒரு வாக்கியத்தையாவது மாற்றட்டும்.

ஆறாவது பாடவேளையைக் காலியாக விடுங்கள். கலைத் திருவிழா ஒத்திகையோ திடீர் விடுமுறையோ ஆசிரியர் பயிற்சியோ ஒன்றை விழுங்கத்தான் போகிறது. எதுவும் வராவிட்டால் நூலகப் பாடவேளை.

எழுத்துக்கூட்டுகிறவர்களும் அதே வகுப்பில்தான்

ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அரசுப் பள்ளிகளில் 2025-இல் தொடங்கிய 'திறன்' திட்டம் அவர்களுக்காகத்தான். ஆனாலும் உங்கள் வகுப்பில் அவர்களை ஓரமாக உட்கார வைத்து வேறு வேலை கொடுக்காதீர்கள். தலைப்பு எல்லாருக்கும் ஒன்றே, அளவுதான் வேறு. திங்களன்று கரும்பலகையில் சேர்ந்த சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மூன்று வாக்கியம் கேளுங்கள். முந்திக்கொண்டு முடிப்பவர்களுக்குப் பறவையே பேசுவதுபோல் மாற்றி எழுதும் வேலை கொடுங்கள். நூலகப் பாடவேளைக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கைகொடுக்கும். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்திருப்பதால் யாருக்கு எது என்று குழம்ப வேண்டாம்.

திருத்தும் சுமையையும் கணக்கில் சேருங்கள்

வகுப்பில் 40 பேர், தாளுக்கு 6 நிமிடம் என்றால் 4 மணி நேரம். தாளுக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம், அதாவது இரண்டு ஓய்வுப் பாடவேளை. ஆகவே இரண்டே விஷயங்களைத் திருத்துங்கள்: ஒருமை பன்மை சரியா, கண்ணால் பார்த்த ஒரு விவரமாவது இருக்கிறதா. சந்திப்பிழைக்கு இன்னொரு வாரம் வரும். தாள் முழுக்கச் சிவப்பு மை கண்ட பிள்ளை அடுத்த முறை எட்டு வாக்கியத்தை நான்காகச் சுருக்கிக்கொள்ளும்.

பதிவேட்டுக்குத் தனி வேலை வேண்டாம்

வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கானது. வெள்ளிக்கிழமைப் பத்தியையே ஒரு செயல்பாடாகப் பதிந்துவிடுங்கள். மதிப்பெண்ணுக்கென்று பருவக் கடைசியில் அட்டை வெட்டி ஒட்டச் சொல்ல வேண்டியிராது. குறிப்பேட்டுத் தலைப்புகளிலும் இந்த வாரம் அப்படியே பொருந்தும்: திங்கள் ஆர்வமூட்டல், செவ்வாய் படித்தலும் மனவரைபடமும், புதன் மதிப்பீடு, வியாழன் வலுவூட்டல், வெள்ளி எழுதுதல். பார்வையிட யார் வந்தாலும் குறிப்பில் உள்ளதுதான் வகுப்பில் நடந்துகொண்டிருக்கும்.

வாரம் சுருங்கினால்

மழை விடுமுறையில் இரண்டு நாள் போய்விட்டால் எதை வெட்டுவது என்பதையும் ஞாயிற்றுக்கிழமையே குறித்துவையுங்கள். முதலில் மனவரைபடம் போகட்டும். அடுத்து, வரியில் விடை உள்ள வினாக்களை வீட்டுப்பாடமாக்குங்கள். வியாழன் மாதிரிப் பத்தியிலும் வெள்ளி எழுத்திலும் கை வைக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் நேரமே இல்லையென்றால் பத்தியை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். புதுப் பாடம் தொடங்குவது நான்கு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது.