டிராவல் இன்சூரன்ஸ்: பணம் கட்டும் முன் பைலைத் திறந்து பாருங்கள்

வெளிநாடு செல்வோர் டிராவல் இன்சூரன்ஸ் எடுக்க ஏஜெண்ட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சில நிமிடங்களில் பாலிசி வாங்கிவிடலாம். ஆனால் பலரும் பார்ப்பது பிரிமியம் எவ்வளவு என்பதை மட்டுமே. அமெரிக்காவில் உள்ள மகனைப் பார்க்கப் போகும், ரத்த அழுத்தம் உள்ள 65 வயது தந்தைக்குப் பாலிசி எடுப்பதாக வைத்துக் கொள்வோம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவிற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்க விசிட்டர் விசாவிற்கு அப்படி விதி இல்லை. ஆனால் மருத்துவச் செலவு அங்குதான் மிக அதிகம்.

மெயிலிலும் எஸ்.எம்.எஸ்ஸிலும் வரும் லிங்க்கில் கிளிக் செய்திட வேண்டாம். காப்பீட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் தளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் உள்ளது. அதில் பெயரைப் பார்த்த பின்னரே, நிறுவனத்தின் முகவரியை நானே டைப் செய்து செல்வேன். முகவரி எச்.டி.டி.பி.எஸ். எனத் தொடங்கினால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். போலித் தளத்திற்கும் அது கிடைக்கும்.

அடுத்து, தளத்தில் "பாலிசி வேர்டிங்ஸ்" என்ற பி.டி.எப். பைலை டவுன்லோட் செய்திடுங்கள். பல பக்கங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் தேடும் கட்டம் கிடைக்கும். அதில் ஆங்கிலத்தில் "எக்ஸிஸ்டிங்" என டைப் செய்து, என்டர் தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகப் படியுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கு என்ன கிடைக்கும் என்பது அங்கேதான் இருக்கும். பல பாலிசிகள் அதற்குப் பணம் தருவதில்லை. சில, உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் தரும். பிறகு "டிடக்டபிள்" எனத் தேடுங்கள். இது நாம் முதலில் கட்ட வேண்டிய பங்கு. 100 டாலர் டிடக்டபிள் என்றால், 400 டாலர் பில்லில் நிறுவனம் தருவது 300 மட்டுமே. "சப் லிமிட்" என்பதையும் தேடுங்கள். வயதானவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை எனத் தனித்தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையா? பைல் ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம். அப்போது கண்ணால்தான் படிக்க வேண்டும்!

படிவத்தில் ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டால் "ஆம்" என்றே டிக் செய்திடுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். முடியும் தேதியாக, அங்கு விமானம் ஏறும் நாளைக் கொடுக்காமல், இந்தியாவில் இறங்கும் நாளைக் கொடுங்கள்.

பாலிசி மெயிலில் வந்ததும் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். அதிலுள்ள அவசர உதவி எண்ணை அப்பாவின் போனில் பதிந்து, ஒரு பிரிண்ட்டும் எடுத்து அவர் கைப்பையில் வையுங்கள். மருத்துவமனையில் சேர நேர்ந்தால் முதலில் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.