குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

பெரியவர் என்றால் “உடம்பு என்னமோ பண்ணுது சிஸ்டர்” என்பார். எட்டு மாதக் குழந்தைக்கு அழத்தான் தெரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அதற்காகக் கண்டறிய வேண்டியவர்கள் நீங்கள். இத்தனை ஆண்டுகள் வார்டில் நின்றவளாகச் சொல்கிறேன், மனத்தில் வையுங்கள்.

1. எடை பார்க்காமல் மருந்தைத் தொடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. ஆனால் சிரப் 5 மி.லி.யில் 125, 250 மி.கி. என இருவகை, சொட்டு மருந்தோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. லேபிளைப் படியுங்கள். புள்ளி ஓரிடம் தள்ளினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஊசி மருந்தென்றால் இன்னொரு சிஸ்டரும் தனியாகக் கணக்குப் போடட்டும்.

2. “முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போச்சாம்மா?” என்று தாயிடம் கேளுங்கள். பதிலைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

3. அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். வான்கோமைசின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும். வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து தடிக்கும். கால்சியம் ஏறும் பச்சிளங்குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது.

4. ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போட்டதும் அடுத்த கட்டிலுக்கு ஓடாதீர்கள். தடிப்போடு மூச்சிரைப்பு, வாந்தி, துவளுதல் வந்தால் மருந்தை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். தொடைத் தசையில் அட்ரினலின்தான் உயிர் காக்கும். ஏவில் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

5. புதிதாக எது தோன்றினாலும் கொடுத்த மருந்தையும் சந்தேகியுங்கள். மெட்டோகுளோப்ரமைடு கொடுத்த பிள்ளைக்குக் கழுத்து திருகி, கண் மேலே செருகினால் வலிப்பு போலத் தெரியும். வலிப்பு மாத்திரைகளால் சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல், வாய்ப்புண், தோல் கொப்புளம் வரலாம். வீட்டுக்கு அனுப்பும்போதே தாயிடம் இதைச் சொல்லுங்கள்.

6. மருந்தால் வந்த பாதிப்பு என்று தோன்றினால் எழுதி அனுப்புங்கள். 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் செவிலியரும் தெரிவிக்கலாம். இலவச எண் 1800-180-3024. சந்தேகம் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. குளோராம்பெனிகால் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959இல் மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். முதிராத கல்லீரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியவில்லை என்பது அதன் பிறகே உலகுக்குத் தெளிவாயிற்று. உங்கள் வார்டில் நீங்கள் எழுதும் ஒரு தாள், எங்கோ இன்னொரு வார்டில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.