கையெழுத்து யாருடையது?

அன்புள்ள தங்கச்சி,

பட்டினச்சேரியிலிருந்து நீ செய்தி எழுத ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். குடிநீர்க் குழாயில் கலங்கல் வருவது பற்றி எழுதியதையும் படித்தேன். யார் வீட்டில் எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் வருகிறது என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தாய். ஆனால் கடைசியில் "அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடித்துவிட்டாய். எந்த அரசு? அதைச் சொல்லாதவரை அந்த வரியைப் படிக்கிற ஒவ்வொரு அதிகாரியும் அடுத்தவரைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

நம் காரைக்காலுக்கு உள்ள வியாதி இதுதான். புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் போகிறோம். கோப்பும் அப்படித்தான் போகிறது. உன் ஊர் இருக்கும் டி.ஆர்.பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்தில் பிறந்து, காரைக்கால் ஆட்சியரகத்தைத் தொட்டு, புதுச்சேரி கடற்கரைச் சாலைத் தலைமைச் செயலகத்துக்குப் போய், அங்கிருந்து துணைநிலை ஆளுநர் மாளிகைப் படியேறி, சிலசமயம் டெல்லி உள்துறை அமைச்சகம் வரை போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கையெழுத்து, ஒரு தேதி. உன் வேலை அந்தக் கையெழுத்துகளையும் தேதிகளையும் வரிசையாக எழுதுவது. கோபத்தை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பட்ஜெட்டிலிருந்தே தொடங்கு. 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசுகள் சட்டத்தின்படி, நம் வரவு செலவுத் திட்டத்தைக் குடியரசுத் தலைவரின் முன்அனுமதி பெற்றுத்தான் சட்டமன்றத்தில் வைக்க முடியும். 2024-25க்கான 12,700 கோடி ரூபாய் முழு பட்ஜெட் ஆகஸ்ட் 2ஆம் தேதிதான் தாக்கலானது. நிதியாண்டு பிறந்து நான்கு மாதம் கழித்து. அடுத்த ஆண்டு 13,600 கோடி பட்ஜெட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. இதற்கும் பட்டினச்சேரித் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். பட்ஜெட் ஆகஸ்டில் வந்தால் நிர்வாக ஒப்புதலும் டெண்டரும் முடிய ஐப்பசி பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மழையில் தார் போட முடியாது. தை, மாசியில் அவசர அவசரமாகப் போட்டு மார்ச் 31க்குள் பில்லை முடிப்பார்கள். அடுத்த மழைக்குச் சாலை பெயரும்போது நீ ஒப்பந்ததாரரை மட்டும் திட்டி எழுதினால் பாதிக் கதைதான் எழுதியிருப்பாய்.

"மாநில அந்தஸ்து இல்லை, நாங்கள் என்ன செய்வோம்" என்ற பதிலை நீ நிறையக் கேட்பாய். அதில் உண்மை இருக்கிறது. இலவச அரிசித் திட்டத்தில் அமைச்சரவை அரிசி என்றது, துணைநிலை ஆளுநர் பணமாகக் கொடுக்கச் சொன்னார், டெல்லி அவர் பக்கம் நின்றது. ரேஷன் கடைகள் பல வருஷம் பூட்டிக் கிடந்து 2024 தீபாவளியையொட்டித்தான் மறுபடி திறந்தன. அங்கே அதிகாரம் உண்மையிலேயே பிடுங்கப்பட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதே பதிலைச் சொல்ல விடாதே. கழிவுநீரும் குடிநீரும் ஒரே பள்ளத்தில் ஓடுவதற்கு மாநில அந்தஸ்து இல்லாதது காரணமில்லை.

2022 ஜூலையில் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். வயிற்றுப்போக்கு பரவி, காலரா உறுதியாகி, ஜூலை 3ஆம் தேதி காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளை மூடினார்கள். குடிநீர்க் குழாய்க் கசிவு வழியே அழுக்கு கலந்ததாகப் பேசப்பட்டது. பத்திரிகைகள் எண்ணிக்கையை எழுதின, அமைச்சர் வந்துபோனதை எழுதின, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி எழுதின. இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்தார்கள். உன்னைப் போன்ற ஒருத்திக்கு அப்போதுதான் வேலை தொடங்கியிருக்க வேண்டும். எந்தெந்தத் தெருவில் குழாய் மாற்ற மதிப்பீடு போட்டார்கள்? எந்தத் தேதியில் ஒப்புதல் கிடைத்தது? போட்ட குழாய் எத்தனை மீட்டர்? இன்றைக்கும் அந்தக் கேள்விகள் கேட்கலாம். குழாய் மண்ணுக்குள்தானே இருக்கிறது.

இன்னொன்று, இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உன் கொம்யூனில் நீ கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பிரெஞ்சுக்காரன் 1880லேயே ஆணை போட்டு இங்கே நகரசபைகளை அமைத்தான். அந்தத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் பிரசித்தம் என்பது வேறு விஷயம். ஆனாலும் மேயர் என்று ஒருவர் இருந்தார், வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது. இந்தியாவோடு சேர்ந்த பிறகு 1968இல் ஒரு உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006இல். முப்பத்தெட்டு வருஷ இடைவெளி! 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றமும் நடத்தச் சொன்னது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள். வார்டு இட ஒதுக்கீட்டுத் தகராறில் அது நின்றது. நின்றது நின்றதுதான். 2011இலிருந்தே கொம்யூன் பஞ்சாயத்து என்றால் ஆணையரும் அவருடைய அலுவலகமும் மட்டும்.

வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர்; அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடாதே. நாகப்பட்டினம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது; 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் அங்கும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் கீழே இன்னொரு தேர்ந்தெடுக்கப்பட்டவன் முளைப்பதை மேலே இருப்பவர்கள் விரும்புவதில்லை என்பது என் கணிப்பு.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாவிட்டாலும் காகிதம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் எல்லோரும் செய்வதுபோல் "கடந்த பத்தாண்டு செலவு விவரம் தருக" என்று கேட்காதே. ஒரே ஒரு வேலையைப் பிடி. உன் தெருவில் ஒரு வலைபின்னும் கூடம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள். அதன் மதிப்பீடு, டெண்டர் ஒப்பீட்டு அறிக்கை, பணி ஆணை, எம்-புக், கடைசி பில் என்று ஐந்து காகிதம் கேள். எம்-புக்கில்தான் உயிர் இருக்கிறது: பொறியாளர் நேரில் வந்து அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடும் புத்தகம் அது. அதில் இருக்கும் நீளம், அகலம், உயரத்தை ஒரு டேப்பைப் பிடித்து நீயே அளந்து பார். தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், கட்டுமானப் பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் உரிமை தருகிறது. நிருபர்களில் பலர் இதை ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இரண்டாவதற்கு நீ டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு எழுத வேண்டும். நமக்கென்று தனி ஆணையம் இல்லை. நாள் பிடிக்கும். அதற்குள் அடுத்த இரண்டு வேலைகளைப் பிடித்துக்கொள்.

கேட்ட காகிதமே இல்லை என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதே, அதுவே செய்தி. வட அயர்லாந்தில் மரக்கட்டை எரித்துச் சூடேற்றுவதற்கு மானியம் கொடுத்தார்கள், 2012இல் தொடங்கிய திட்டம். எரிக்க எரிக்க லாபம் வரும்படி அதை வகுத்திருந்தார்கள். காலிக் கொட்டகையைச் சூடாக்கிக் காசு பார்த்த கதையெல்லாம் வெளிவந்தது. 2017 ஜனவரியில் துணை முதல்வர் பதவி விலக, அந்தப் பிராந்திய அரசே கவிழ்ந்து மூன்று வருஷம் எழவில்லை. அந்தத் திட்டம் பற்றிய விசாரணையில் அங்கே தலைமை அரசு அதிகாரி சொன்னதுதான் எனக்கு முக்கியம்: தகவல் கேட்டால் கொடுக்க வேண்டி வருமே என்பதும் ஒரு காரணமாக, சில கூட்டங்களுக்குக் குறிப்பே எழுதாமல் விடும் பழக்கம் வந்துவிட்டதாம். நம் ஊரில் வாய்மொழி உத்தரவு என்று சொல்வார்களே, அதேதான்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கையைப் படி. அது சட்டமன்றத்தில் வைக்கப்படும் நாளில் ஒரு பத்திச் செய்தி வரும், அதோடு சரி. புதுச்சேரிக்கான அறிக்கையில் காரைக்கால் என்ற பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக் குறித்துக்கொள். வாங்கிய மானியத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காத பட்டியலையும் பார்.

உன் சொந்த ஊரிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. நம் கரையோரக் கிராமங்களில் வரி பிரித்து, திருவிழா முடிந்ததும் பஞ்சாயத்தார் ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள். வாழைத்தார் விலை கூடுதலாகச் சொன்னால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். ராஜஸ்தானில் 1994இல் கிராமத்துக் கூலியாட்கள் செய்ததும் இதைத்தான். அரசுப் பதிவேட்டை வாங்கிக் கூடாரம் போட்டு உரக்க வாசித்தார்கள், பெயர் இருந்தவர்கள் எழுந்து "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் விதை அங்கேதான் விழுந்தது. ஆனால் நம் ஊர்க்கூட்டங்களில் பெண்கள் உட்காருவது அபூர்வம். கூடையோடு விடியலில் கிளம்பும் மீன்காரப் பெண்களுக்குத்தான் எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று தெரியும். அவர்களிடம் பேச உனக்கு இருக்கும் வசதி எனக்கு இருந்ததில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நிவாரணப் பணம் எந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் விழுந்தது என்று ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதி வை. தொகையை எல்லோரும் எழுதுவார்கள். தேதியை யாரும் எழுதுவதில்லை.

வால்வு திறக்கும் ஆளையும் பில் கிளார்க்கையும் செய்தியில் மாட்டிவிடாதே. அவர்கள் போடும் கையெழுத்துக்கு அதிகாரமில்லை, தண்டனை மட்டும் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு நாள் கொடுத்து, வந்ததை அப்படியே போடு. ஒப்பந்ததாரர் உன் மாமா முறையாக இருந்தால் அந்த வேலையை வேறு நிருபரிடம் கொடுத்துவிடு. சின்ன ஊர், இது நிச்சயம் நடக்கும்.

முதல் மனுவை நாளைக்கே எழுது: கொம்யூன் பஞ்சாயத்துக் கணக்கு கடைசியாக எந்த ஆண்டுக்குத் தணிக்கையானது, தணிக்கை ஆட்சேபங்கள் எத்தனை, எத்தனைக்குப் பதில் போயிருக்கிறது. எம்-புக் நகல் கையில் கிடைத்ததும் போன் பண்ணு. எந்தப் பத்தியை முதலில் பார்ப்பது என்று சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்