குழந்தையின் பயத்துக்கு மரியாதை

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒருவன் வீடு புகுந்து சிறுவனைக் கொல்லத் துரத்துவதாகப் படம் எடுப்பது குரூரம் இல்லையா? 'ஹோம் அலோன்' போலச் சிரிக்கவைத்தால் போதாதா?

பதில்: நீங்கள் சொல்லும் கதை, ரெனே மன்ஸோர் 1989-ல் இயக்கிய '3615 கோட் பேர் நோயல்' என்ற பிரெஞ்சுப் படத்துடையது. 'ஹோம் அலோன்' வந்தது 1990-ல். இரண்டிலும் பெரிய வீடு, பண்டிகை இரவு, பொறி வைக்கும் சிறுவன். ஆனால் அமெரிக்கப் படத்தில் திருடனின் முகத்தில் இஸ்திரிப்பெட்டி விழுந்தாலும் அவன் எழுந்து நடக்கிறான். அடிக்கு வலியே இல்லை. மன்ஸோரின் படத்தில் வலி நிஜம். சிறுவனின் கண்ணெதிரே அவனுடைய நாய் கொல்லப்படுகிறது. பார்வை மங்கிய தாத்தாவையும் அவனே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவை ஒளிந்திருந்து பார்க்க முயன்றதற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவன் நம்புவது இன்னும் கொடுமை. தன்மேல் தவறில்லாதபோதும் பழியைத் தானே சுமக்கும் குழந்தை மனதை இப்படம் நேர்மையாகக் காட்டுகிறது.

இதைச் சிறுவர்களுக்குக் காட்டலாமா என்றால், கூடாது. இது பெரியவர்களுக்கான படம். பண்டிகையை இது கெடுக்கிறது என்ற வாதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. வன்முறையை வலியில்லாத வேடிக்கையாக்குவதைவிட, அது ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று காட்டுவதே பொறுப்பான கலை. குரூரத்தைக் காட்டுவதும் அதை ரசிக்கவைப்பதும் ஒன்றல்ல.